நூற்றிருபது மீட்டர் வேலி

20 ஜனவரி 2025, திங்கள்

இந்த மலைக் குளிரில் குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. காலை உணவு சமைக்கும் வீரம்மாள் அக்கா வெந்நீர் ஊற்றி ஊற்றி உருக்கி, உப்புமா தட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், முதல் பீரியட் போச்சு என்று. எனக்கும்தான். முதல் பீரியட் கணக்கு.

கணக்கு என்றால் இன்னும் எனக்குப் பயம். ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதக்கூடாத வாக்கியம். என் நோட்டு, எழுதுவேன்.

ஐந்தாம் வகுப்பில் மொத்தமே மூன்று பேர். கோகுல்ராஜ், அவன் அத்தை மகள் ராஜகுமாரி, பிரியா. இவர்களோடு இந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. ஆறாவதுக்குப் பஸ் ஏற வேண்டும்.

இன்று சுற்றளவு. போர்டில் செவ்வகம் வரைந்தால் மூவரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள். சரி என்று பத்து மீட்டர் கயிறை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டோம். பள்ளிக்கூடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கடைசியில் வீரம்மாள் அக்காவைச் சுற்றி. அக்காவின் சுற்றளவு இங்கே எழுதப்படாது.

"எங்க காட்டு வேலி நூத்தி இருவது மீட்டர் டீச்சர். அத்தை காட்டு வேலியும் நூத்தி இருவது. தாத்தா ஒரே கம்பிச்சுருளை வாங்கி சரிபாதியா வெட்டி, ஆளுக்கு ஒண்ணு குடுத்து, இதுக்குள்ள உனக்கு, இதுக்குள்ள உனக்குன்னு பங்கு பிரிச்சாரு" என்றான் கோகுல்.

இங்கே விளைநிலத்துக்குக் காடு என்றுதான் பேர். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையாம். நியாயம் என்று பேச்சு வந்தாலே அந்தக் கம்பிச்சுருளைத்தான் சொல்வார்களாம். அளந்து பார்க்கட்டுமா என்றார்கள். பாருங்கள் என்றேன்.

21 ஜனவரி, செவ்வாய்

அளந்துவிட்டார்கள். இரண்டும் நூற்றிருபது! ஒரு சாண் முன்னே பின்னே.

சாயங்காலம் டீக்கடையில் கோகுலின் அப்பா கந்தவேல் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா கணக்கு தப்புமா டீச்சர்? கைநாட்டுதான். ஆனா கணக்கு தப்பாது." கை நிறைய கேரட் கொடுத்தார். மண்ணோடு, இலையோடு. ராத்திரிக்கும் கேரட், நாளைக்கும் கேரட்.

28 ஜனவரி, செவ்வாய்

பரப்பளவு. பழைய செய்தித்தாளை ஒட்டி, மீட்டருக்கு மீட்டர் சதுரம் செய்து தரையெல்லாம் பரப்பினோம். வகுப்பறை முப்பது சதுரம். மூவரும் சதுரத்துக்குச் சதுரம் தாவி எண்ணினார்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினாலும் முப்பது வருகிறதே என்று ராஜகுமாரி கண்ணை விரித்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இந்த வாய்ப்பாட்டை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

மணி அடிக்கும் நேரத்தில் பிரியா ஒரு கேள்வி கேட்டாள். "சுத்தி உள்ள வேலி சமமா இருந்தா, உள்ள இருக்கற எடமும் சமந்தான டீச்சர்?"

"ஆமா" என்றேன். உங்கள் காட்டையெல்லாம் போய் அளந்து வாருங்கள், அதுதான் வீட்டுப்பாடம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

30 ஜனவரி, வியாழன்

ராஜகுமாரி மதியச் சாப்பாட்டை வைத்துவிட்டு நோட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், நான் தப்பாப் போட்டுட்டனா?"

மாமா காடு: முப்பதுக்கு முப்பது, தொள்ளாயிரம் சதுர மீட்டர். அம்மா காடு: நாற்பத்தெட்டுக்குப் பன்னிரண்டு, ஐந்நூற்று எழுபத்தாறு.

பெருக்கிப் பார்த்தேன். போனில் போட்டுப் பார்த்தேன். அவள் தப்பாகப் போடவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று அனுப்பிவிட்டேன். சாப்பிடப் போன பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

இரவு ரூமில் தையல் நூலை முடிச்சுப் போட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். சதுரமாக வைத்தால் உள்ளே பட்டாணி நிறையக் கொள்கிறது. அதே நூலை நீட்டி வைத்தால் பாதிதான்.

அடப்பாவி. ஸைமா, நீ பி.எட். வேற முடிச்சிருக்க. பிள்ளைகளிடம் போய் ஆமா என்று சொன்னாயே!

31 ஜனவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன். "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு. பிரியா கேட்டதுக்குப் பதில், இல்லை." பிள்ளைகளோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. டீச்சருக்கே தெரியாததைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பிரியா ஒரு குத்தாட்டம் போட்டாள்.

கோகுல் கையைத் தட்டினான். "அப்ப எங்க காடுதான் பெருசு!"

ராஜகுமாரி மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் மாமாவுக்கு அஞ்சாறு மூட்டை பூண்டு கூட வரும் டீச்சர். ஒரே அளவு காடு, ஒரே தண்ணி, ஒனக்குப் பூண்டு போடத் தெரியலக்கான்னு மாமா சிரிப்பாரு. அம்மாவும் சிரிச்சிக்கிடும்."

கோகுல் தட்டின கையைக் கீழே போட்டான்.

3 பிப்ரவரி, திங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ராஜகுமாரி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருப்பாளா? நான் என்ன நினைத்தேன், நோட்டுக்குள்ளேயே கிடக்கும் என்றா?

சனிக்கிழமை குழாயடியில் அவள் அம்மா கருப்பம்மாள் அக்கா, தம்பி கந்தவேலிடம் இதைக் கேட்டிருக்கிறார். ஞாயிறு முழுக்க ஊரே இரண்டு வேலியையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. நான் பழனியில் அத்தா அம்மாவோடு வீட்டில் இருந்தேன். இன்று பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீரம்மாள் அக்கா ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார். "டீச்சர், வெரசா உள்ள வாங்க. கந்தவேலு காலைலேருந்து ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான்."

மூன்றாவது தடவையும் வந்தார்.

"நீங்க புள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர்றீங்களா, இல்ல எங்களுக்குப் பங்கு பிரிச்சு விடுறீங்களா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "செத்துப்போன மனுசன ஊரு முன்னாடி பொய்க்காரனா ஆக்கிட்டீங்களே டீச்சர்."

கோகுலைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார்.

4 பிப்ரவரி, செவ்வாய்

கோகுல் வரவில்லை.

தலைமையாசிரியர் செந்தில்வேல் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. ரிடையர் ஆக மூன்று வருஷம் இருக்கிறது, அவ்வளவுதான். "டீச்சர், ஊர்ச் சோலி நமக்கு எதுக்கு? புள்ளைங்க கயிறைச் சரியாப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. முடிஞ்சுபோயிரும். அவன் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டா நாளைக்கு உங்களுக்குத்தான் வில்லங்கம்."

ஒரு வார்த்தைதான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

6 பிப்ரவரி, வியாழன்

கோகுலிடமிருந்து பிரியா மூலம் ஒரு துண்டுச்சீட்டு. "டீச்சர் வீட்டுப்பாடம் என்ன. அப்பாவுக்குத் தெரியாம செய்யிறேன்."

9 பிப்ரவரி, ஞாயிறு. பழனி

தைப்பூசக் கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அத்தா கடைக்கு நடக்க முக்கால் மணி நேரம். பாதயாத்திரைக்காரர்கள் பச்சையும் காவியுமாக ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறார்கள். துணிக்கடையில் அத்தாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. நானும் பின்னால் நின்று வேட்டி மடித்துக் கொடுத்துக்கொண்டே கதையைச் சொன்னேன். காதில் விழுகிறதா என்றே தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் டீயை ஆற்றிக்கொண்டு சொன்னார். "ஏம்மா, இதுல என்ன சண்டை? சேலைக்குக் கரையை அளந்தா சேலையை அளந்ததா ஆகுமா? அந்தப் பெரியவரு கரையை அளந்துட்டாரு. பொய் சொல்லலையே, பாவம்."

"அப்ப நான் என்ன அத்தா சொல்லட்டும்?"

"புள்ளை சரியாப் போட்டதைத் தப்புன்னு சொல்லாத. அது நாளைக்கு மீட்டர்கோலையே நம்பாது." அதற்குள் யாரோ துண்டு கேட்டு வந்துவிட்டார்கள்.

சேலைக் கரை! இருபத்தெட்டு வருஷம் இந்தக் கடையில் வளர்ந்தேன்.

12 பிப்ரவரி, புதன்

செந்தில்வேல் சாரிடம் சொன்னேன், பிள்ளைகள் தப்பாக அளந்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது என்று. தப்பாகச் சொன்னது நான், அதை வேண்டுமானால் ஊர் முன்னால் சொல்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். மறுபடி துடைத்தார். "வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்குல்ல. அதுல சொல்லுங்க. நான் டீ ஏற்பாடு பண்றேன்."

எப்படி விளக்குவது என்று ராஜகுமாரியையும் பிரியாவையும் கேட்டேன். பட்டாணி காட்டலாமா? பிரியா உதட்டைப் பிதுக்கினாள். "பட்டாணி கடைசியில ஒக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது டீச்சர். ஆளுகளையே நிக்க வச்சிருவோம்."

14 பிப்ரவரி, வெள்ளி

எழுத உட்காரும்போதே சிரிப்பு வருகிறது. முதலிலிருந்து வருகிறேன்.

மேலாண்மைக் குழுவுக்கு எப்போதும் எட்டுப் பேர் வருவார்கள். இன்று நாற்பதுக்கு மேல். கருப்பம்மாள் அக்கா ஒரு மூலையில். எதிர் மூலையில் கந்தவேல் அண்ணன், பக்கத்தில் கோகுல், தலையை வாரி, பள்ளிக்கூடச் சட்டையோடு. புகாரை வெள்ளைத்தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார்.

நான் எழுந்தேன். "பிரியா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். டீச்சர் தப்பு என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "வெளியே வாங்க, பிள்ளைங்க காட்டுவாங்க" என்றேன்.

மைதானத்தில் பன்னிரண்டு மீட்டர் கயிறு, முனைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தோம். பிடிக்க நாலு மூலைக்கு நாலு பேர் வேண்டும். ராஜகுமாரி, பிரியா, வீரம்மாள் அக்கா. நாலாவது ஆள் இல்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கோகுல் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவர் கையை விட்டுவிட்டு ஓடிவந்து மூலையைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் சதுரம், மூன்றுக்கு மூன்று. உள்ளே ஏறுங்கள் என்றதும் ஊரே ஏறியது. இருபத்தாறு பேர். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் செந்தில்வேல் சார். அடுத்தது அதே கயிறு, ஐந்துக்கு ஒன்று. இருபத்தாறு பேரும் அதே ஜோரில் ஏறப் பார்த்தார்கள். பதினாலு பேருக்கு மேல் முடியவில்லை. பதினைந்தாவது ஆளாக உள்ளே வந்த கந்தவேல் அண்ணனை இந்தப் பக்கம் யாரோ இடிக்க, அந்தப் பக்கமாக வெளியே வந்து விழுந்தார். சிரிப்பு.

"கயிறை மாத்திட்டீங்க" என்றார் எழுந்து.

"மாத்தலப்பா. இந்தா, நீயே பிடி."

கோகுல் தன் மூலையை அப்பா கையில் கொடுத்தான். "இப்ப இன்னும் இழுப்பா. இன்னும். அந்தப் பக்கம் அத்தையை இழுக்கச் சொல்லு."

வீரம்மாள் அக்கா நகர்ந்துகொள்ள, கருப்பம்மாள் அக்கா வந்து அந்த முனையைப் பிடித்தார். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க இழுக்க, கயிறு நீண்டு நீண்டு, கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன. உள்ளே ஒரு கோழிகூட நிற்க முடியாது.

"வேலி அதே பன்னிரண்டு மீட்டர்தான்ப்பா. உள்ள எடமே இல்ல பாரு."

கந்தவேல் அண்ணன் கயிறையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தெரிஞ்சு செய்யலயே" என்றார்.

"ஏலே, அப்பாவ யாருடா சொன்னா?" என்றார் கருப்பம்மாள் அக்கா, அங்கிருந்தே. "அவரு கம்பிய வெட்டுனாரு. இந்தக் கூத்து அவருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? படிச்ச டீச்சருக்கே தெரியலங்கிறாங்க!"

மறுபடி சிரிப்பு, இந்தத் தடவை என்னைப் பார்த்து. நானும் சிரித்தேன். வேறு வழி?

டீ ஆறிப்போயிருந்தது. வெள்ளைத்தாளைக் கந்தவேல் அண்ணன் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

17 பிப்ரவரி, திங்கள்

கோகுல் வந்துவிட்டான். வெள்ளனே ஏழரைக்கே. உப்புமா இரண்டு தட்டு.

4 மார்ச், செவ்வாய்

நோன்பு மூன்றாவது நாள். இந்தக் குளிரில் பகலில் தாகமே எடுப்பதில்லை, பசிதான் கொல்கிறது. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கருப்பம்மாள் அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். பூண்டு தட்டிப் போட்டது. உங்கள் வீட்டுக் கஞ்சி மாதிரி இருக்காது, திட்டாமல் குடியுங்கள் என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

காட்டைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. தம்பி ஏதாவது சொன்னாரா என்று நானே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அவன் இப்பெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறதில்ல" என்றார். அது நல்லதற்கா கெட்டதற்கா?

12 மார்ச், புதன்

கோகுல் ஒரு கணக்கு கொண்டுவந்தான். புத்தகத்தில் இல்லாத கணக்கு. அப்பா கேட்டுவரச் சொன்னாராம்.

"நடு வரப்ப எங்க தள்ளி வச்சா ரெண்டு காடும் சரியா இருக்கும்?"

நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி. எனக்குப் பதில் தெரியாது. இந்தத் தடவை அவசரப்பட்டு வாயைத் திறக்கவும் இல்லை.

மூவரும் தரையில் சாக்பீஸால் போட்டார்கள். இரண்டு காட்டுக்கும் வித்தியாசம் முந்நூற்று இருபத்து நாலு. இரண்டும் ஒட்டியிருக்கும் நடு வரப்பின் நீளம் முப்பது. கோகுல் சடசடவென்று வகுத்தான். "பத்து மீட்டர், கொஞ்சம் கூட. அவ்வளவு தூரம் தள்ளணும்."

ராஜகுமாரி அதையே உற்றுப் பார்த்தாள். "அவ்வளவு தள்ளுனா எங்களுக்குக் கூடிரும்லடா. ஒங்களுக்குக் கொறையும், எங்களுக்குக் கூடும். ரெண்டும் நடக்கும். பாதிதான் தள்ளணும்."

அவளுக்கு வரவேண்டிய நிலம். பேசாமல் இருந்திருந்தால் பத்து மீட்டர். பேசினாள். கோகுல் அழித்துவிட்டு மறுபடி போட்டான். பாதி, நூற்று அறுபத்திரண்டு. முப்பதால் வகுத்தால் ஐந்து, மீதி பன்னிரண்டு. அந்த மீதியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, அதுவும் நாற்பது சென்டிமீட்டர் என்று பிரியா கொண்டுவந்தாள். ஐந்து மீட்டர் நாற்பது.

சரிபார்த்தார்கள். இந்தப் பக்கம் எழுநூற்று முப்பத்தெட்டு. அந்தப் பக்கம் எழுநூற்று முப்பத்தெட்டு.

தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னையும் போடச் சொன்னார்கள். பெரிதாகப் போட்டேன்.

31 மார்ச், திங்கள். பழனி

பெருநாள். பிரியாணி. தூக்கம்.

12 ஏப்ரல், சனி

பூண்டு எடுத்து முடிந்ததும் வேலியை மாற்றப்போகிறார்கள் என்று கோகுல் சொல்லியிருந்தான். லீவு நாள், ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டேன்.

கந்தவேல் அண்ணன் கல்தூணைப் பெயர்த்துப் பெயர்த்துப் போட்டார். கருப்பம்மாள் அக்கா குழி தோண்டினார். மூவரும் கயிறும் அதிகாரமுமாக நின்றார்கள். "மாமா, இன்னும் நாலு விரல்." "போதும் தாயி, ஒங்க நாலு விரல்ல என் உசுரு போகுது."

அண்ணன் பக்கம் கம்பி மிஞ்சியது. அக்கா பக்கம் பத்துப் பதினோரு மீட்டர் பற்றவில்லை. மிஞ்சினதை வெட்டி அக்கா பக்கம் கொண்டுபோய் முறுக்கினார். சரியாகப் போய்ச் சேர்ந்தது. அது எப்படி அவ்வளவு சரியாகப் போதும் என்று கேட்டார் என்னிடம்.

"தெரியாதுண்ணே" என்றேன். பிள்ளைகளைக் கேட்டோம். அவர்கள் மண்ணில் குந்தி உட்கார்ந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

25 ஏப்ரல், வெள்ளி

மூவருக்கும் டி.சி. எழுதினேன். "ஐந்தாம் வகுப்பு முடித்துள்ளார்." பிரியா டி.சி.யை வாங்கிப் படித்துவிட்டு, "கணக்கு நல்லாப் போடுவான்னு ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்றாள். அதற்குக் கட்டமே இல்லையடி என்றேன்.

19 ஜூலை, சனி

செந்தில்வேல் சார் ஒரு வாரமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். இன்று சொல்லிவிட்டார். பெருமாள்மலையில் அவருக்கு ஒரு வீட்டுமனை இருக்கிறதாம். பக்கத்து மனைக்காரர் மேல் நீண்டநாள் சந்தேகமாம். "ஞாயித்துக்கிழமை அந்தப் பசங்களை... பஸ்ஸுக்கு நான் பாத்துக்கறேன், பிரியாணியும் வாங்கித் தர்றேன்."

ஊர்ச் சோலி நமக்கு எதுக்கு சார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நானும் போகிறேன், பிரியாணிக்கு.

18 அக்டோபர், சனி

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. பழனி போகப் பஸ்ஸுக்கு நின்றேன். ஆறாவது படிக்கும் பெரிய மனுஷி ராஜகுமாரி பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். இந்தப் போகத்துப் பூண்டு எடுத்தாகிவிட்டதாம். வேலி மாற்றின பிறகு முதல் தடவை.

"மாமாவுக்குப் பதினொரு மூட்டை டீச்சர்."

"ஒங்க அம்மாவுக்கு?"

"பதிமூணு."

கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டேன். பதிமூணுதான். ஒரே அளவு காடு, ஒரே தண்ணீர். மாமா நேற்று வந்து மூட்டையை இரண்டு தடவை எண்ணினாராம். அப்புறம் களத்தில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம்.

"போகும்போது, அடுத்த போகத்துக்கு எங்க காட்டையும் ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுக்கான்னுட்டுப் போனாரு."

"அம்மா என்ன சொல்லுச்சு?"

"சோலி கெடக்கு, பாப்போம்னு சொல்லுச்சு."

பஸ் வந்துவிட்டது.